மாமா பிடித்த சுவர்

எங்கள் தாய்மாமாவுக்கு டெல்லியில் நடப்பதெல்லாம் டெல்லிக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் இருந்த டீக்கடை ரேடியோ பாதி சொல்லும். மீதியை மாமா சொல்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம், காலில் செருப்போடு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து, “கலைக்கப் போறாங்க! எலெக்‌ஷன் முன்னாடியே வருது!” என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு எட்டு வயது. கலைப்பது என்றால் எனக்குத் தெரிந்தது தேன்கூடு ஒன்றுதான். யாரைக் கொட்டப் போகிறதோ என்று பயந்துபோனேன்.

உப்பளங்களில் மழைத்தண்ணீர் வடியாமல் நின்ற நேரம் அது. பொங்கல் கழிந்துதான் பாத்தி கட்டுவார்கள். அதுவரை ஆம்பிளைகளுக்குக் கைக்கு வேலை இல்லை. வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. மாசியில் தேர்தல் என்பார் ஒருவர். வராது, எல்லாம் வதந்தி என்பார் இன்னொருவர். “இந்தத் தடவ எங்களை அசைக்க முடியாது” என்று ஒரு கட்சிக்காரர் சொன்னால், “டெபாசிட் மிஞ்சுதான்னு பாரு” என்று மற்றவர் எழுந்து நிற்பார். அப்பா காலையில் டீக்கடைக்குப் போவார், பாதியில் வீட்டுக்கு வருவார், உட்காரமாட்டார், திரும்பவும் போவார். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் கவலை வேறு. அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கிளியனூர், பாண்டிச்சேரியில் மில் வேலை. கார்த்திகையில் அவரும் அவர் அம்மாவும் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து, பாண்டிச்சேரி பஸ் வரும் நேரமெல்லாம் அக்காவுக்கு வாசலைப் பெருக்கும் வேலை வந்துவிடும். இனி மாப்பிள்ளையின் அப்பா ஒருவர்தான் பாக்கி. அவர் வந்து, எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டால் கல்யாணம் உறுதி. சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால் அவ்வளவுதான்.

அவரோ எங்கள் அப்பாவும் மாமாவும் இருந்த கட்சிக்கு நேர் எதிர்க்கட்சி. சும்மா எதிர்க்கட்சி இல்லை, வெறி பிடித்த எதிர்க்கட்சி. மூத்த மகனுக்குப் பேசிய சம்பந்தத்தைக் கட்சிக்காகவே முறித்தவர் என்று தரகர் சொல்லியிருந்தார்.

“அவர் வந்துட்டுப் போற வரைக்கும் இந்த வீட்டுல எலெக்‌ஷன்னு ஒரு வார்த்த வரக்கூடாது, சொல்லிட்டேன்” என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். மாமா ஆட்டவில்லை.

மாமாவுக்கு ஒரு பழைய காயம். எங்கள் வீட்டுப் பக்கச் சுவர் ரோட்டைப் பார்த்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் படிக்கலாம். தேர்தல் வாடை அடித்ததும் எந்தக் கட்சி முதலில் வெள்ளையடித்துப் பெயர் எழுதுகிறதோ, சுவர் அந்தக் கட்சிக்கு. அதற்குச் சுவர் பிடிப்பது என்று பெயர். போன தேர்தலில் அப்பாவும் மாமாவும் அளத்தில் இருந்த நேரம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அம்மாவிடம் கேட்க, அம்மா, “எழுதிக்கிங்க, அதுக்கு இன்னா” என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் கட்சியின் பெயர் ஆளுயர நீல எழுத்தில் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“இந்தத் தடவ நாமதான் முதல்ல” என்று சுண்ணாம்பும் பீப்பாயும் கொண்டுவந்து இறக்கினார்.

“டேய், சம்பந்தம் பேச வர்றாங்கடா. அவங்க பேர அழிச்சுட்டு உன் கட்சிப் பேர எழுதினா அந்த மனுஷன் வாசப்படி மிதிப்பாரா?”

“சம்பந்தம் வேற, சுவரு வேறக்கா.”

“உனக்குப் பொண்ணு இருந்தா தெரியும்!” அம்மா அழுதேவிட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.

சுண்ணாம்பு கொதித்து அடங்கியதும் மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஒரு பிடி உப்பு போடும்மா. அப்பத்தான் சுவத்துல ஒட்டும்.” சொல்லிவிட்டு மட்டை பிரஷ் வாங்கப் போய்விட்டார்.

அக்கா கொல்லைக்குப் போனாள். அங்கே கூலியோடு கிடைத்த மண் கலந்த அடியுப்பு குவிந்து கிடந்தது. ஒரு பிடி அல்ல, கூடை நிறைய வாரிக்கொண்டு வந்து பீப்பாயில் கொட்டினாள்.

“இன்னாக்கா இவ்ளோ!”

“உங்க மாமா கட்சி நல்லா கெட்டியா ஒட்டணும்ல?” என்று கட்டையால் கிண்டினாள். அடியில் உப்பு கரகரக்கும் சத்தம் அடங்கும் வரைக்கும் கிண்டினாள். எல்லோரும் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருந்த வீட்டில் அவள் ஒருத்திதான் அமைதியாக இருந்தாள். கல்நெஞ்சக்காரி என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

சுவர் பளபளவென்று வெளுத்தது. அதன்மேல் மாமா காவியில் தன் கட்சிப் பெயரை எழுதி, நடுரோட்டில் நின்று ரசித்தார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

அதன் பிறகு மார்கழிப் பனி இறங்கியது. காலையில் சுவர் வியர்த்து நின்றது. வெயில் ஏறியதும் பொருக்குவிட்டது. அம்மா அந்தப் பக்கமே போகவில்லை; போனால் வயிறு எரிகிறது என்றாள். மாப்பிள்ளையின் அப்பா வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளையும் காவியும் மீன் செதிள் மாதிரி உதிர்ந்து தரையில் கிடந்தன. உள்ளிருந்த நீல எழுத்து கழுவிவிட்டதுபோல் நின்றது. மாமா சுண்ணாம்புக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு புதுச் சுண்ணாம்பு வாங்க ஓடினார்.

அவர் போன சற்று நேரத்தில் பஸ் வந்தது. வெள்ளை வேட்டியோடு இறங்கிய பெரியவர் நேராகச் சுவருக்கு எதிரில் போய் நின்றார். வரவேற்கப் போன அப்பா பாதி வழியில் நின்றுவிட்டார். கதவோரம் அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

“ஏம்பா, நீங்க நம்ம ஆளுங்களா? இத ஒருத்தனும் எனக்குச் சொல்லலியே!”

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா, “உள்ள வாங்கண்ணே, இலை போட்டாச்சு” என்றாள்.

பெரியவர் உட்கார்ந்தார், கை நனைத்தார், குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். “யாரு ஜெயிப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?” என்று அவர் கேட்டபோது அப்பா ஒரு பெரிய உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, “ஜனங்க பார்த்து செய்வாங்க” என்றார். சுண்ணாம்பு மூட்டையோடு திரும்பிய மாமாவை அப்படியே கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள் அம்மா.

தையில் கல்யாணம் முடிந்தது. தேர்தலும் மாமா சொன்னபடியே முன்னதாக வந்தது. அதைவிடக் கூத்து, இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்துக்கொண்டன! நீல எழுத்துக்குக் கீழேயே மாமா தன் கட்சிப் பெயரை எழுதினார்; காவிச் சட்டியைப் பிடித்துக்கொண்டவர் சம்பந்திதான். வீட்டில் அவ்வளவு கண்ணீரும் எதற்கு விட்டோம் என்று அம்மா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெகுகாலம் கழித்துத் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, மேஸ்திரி சுண்ணாம்பில் ஒரு பிடி உப்புப் போட்டார். “இன்னும் போடுங்க. கூடையா போட்டாத்தான் கெட்டியா ஒட்டும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “இன்னாம்மா, மரக்காணத்துல பொறந்துட்டு இப்படிக் கேக்குறீங்க? உப்புக் கொட்டகைச் சுவத்துல என்னிக்காவது வெள்ள நின்னு பார்த்திருக்கீங்களா?”

அக்கா தாவணி போட்ட நாளிலிருந்து உப்புச் சுமந்து கொட்டியது அந்தக் கொட்டகையில்தான். மாமா அளத்தில் பாத்தி வேலையோடு சரி, ஒருநாளும் கொட்டகைப் பக்கம் போனதில்லை.

மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் அவளுக்கு ஓட்டும் கிடையாது. அப்போதெல்லாம் ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆகவேண்டும்; அவளுக்கு ஆகியிருக்கவில்லை.