மூட்டைப்பூச்சிக்கு ஊறப்போட்ட போர்வை

மரக்காணம் உப்பளத்தில் ராசம்மாளின் வாய்க்குப் பயப்படாத மேஸ்திரி கிடையாது. புருஷன் போன பிறகு உப்பு வாரியே ஒற்றை மகளை வளர்த்து, வானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தவள். ஊரையே வாயால் விரட்டுகிற இந்தப் பொம்பளை, மருமகன் கலையரசன் முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவளாக நிற்பாள். எல்லாம் மகள் வாழணும் என்கிற பாழாய்ப்போன ஆசைதான்.

அவன் குடித்துவிட்டு அடிப்பான். உதடு கிழிந்து, கண் வீங்கி ஓடிவருவாள் பிரியதர்ஷினி. வந்ததும் அம்மாவின் பழைய போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். அதற்குள் அப்படி ஒரு தூக்கம் வரும் அவளுக்கு. விடிந்ததும் ராசம்மாளே எழுப்பி பஸ் ஏற்றிவிடுவாள். "போம்மா, எல்லாம் சரியாப்பூடும்." என்னத்தைச் சரியாய்ப் போச்சு? இந்தத் தடவை கை முறிந்து, மாவுக்கட்டோடு வந்து நின்றாள்.

உப்பளத்துக்காரர்கள் மூட்டைப்பூச்சிக்கு மருந்தா வாங்குவார்கள்? போர்வையைக் கொண்டுபோய் உப்புப் பாத்தித் தண்ணியில் ஊறப்போட்டால் ஒன்று மிஞ்சாது. அப்புறம் நல்ல தண்ணியில் அலசிவிடணும், இல்லாவிட்டால் துணியில் தங்கின உப்பு மழைக்காலம் முழுக்க ஈரம் கசியும். அடிபட்ட பிள்ளையைப் பூச்சியும் கடிக்கணுமா என்று அன்று காலையிலேயே ஊறவைத்து, வீட்டுக் குழாயில் அலசத் தோளில் தூக்கி வந்தாள் ராசம்மாள். பொணம் கனம் கனத்தது.

வீட்டு வாசலில் கலையரசன் பிரியதர்ஷினியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் கத்தி.

"வர்றியா, இங்கியே அறுத்துப் போடட்டாடி?"

ராசம்மாளுக்கு ரத்தம் தலைக்கேறியது. போர்வையை அப்படியே அவன் தலைமேல் வீசினாள். உப்புத் தண்ணி கண்ணில் இறங்க, "ஐயோ" என்று அலறிக் கத்தியை விட்டான். உதற உதற ஈரத்துணி இன்னும் ஒட்டிக்கொண்டது. சுவரில் சாய்ந்திருந்த உப்பு வாரும் பலகையை எடுத்தாள். முதுகில் ஒன்று, முட்டியில் ஒன்று.

"எம் பொண்ண அறுப்பியாடா? அறுடா பாக்கலாம்!"

விழுந்தவனைக் கண்மண் தெரியாமல் சாத்தினாள். போர்வைக்கு மேலே ரத்தம் ஊறி வந்தது. பிரியதர்ஷினி நல்ல கையால் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா, செத்துடப் போறான்."

"சாவட்டும்! இன்னுமாடி அவன் மேல பாசம்?"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் செத்தா உன்ன ஜெயில்ல போட்டுடுவாங்க. அப்புறம் நான் யாருகிட்ட ஓடியாருவேன்?"

ராசம்மாள் பலகையை விட்டாள். "எங்கியும் ஓட வேணாண்டி, இங்கியே இரு" என்று மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.