குடும்பம் ஃபோன்ல இருக்கு சார்

வீட்டை வாடகைக்கு விடுவது ஒரு தொழில். அதில் ஷிஃப்ட் கிடையாது, வார லீவு கிடையாது, ரிடையர்மென்ட் கிடையவே கிடையாது.

திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பணத்தில் வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டினேன். அன்று பிடித்தது சனி. மோட்டார் ஓடவில்லை என்பார்கள். குழாய் ஒழுகுகிறது என்பார்கள். கொடியில் காயும் துணி யாருடையது என்று பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். மாடி கட்டியவர்களுக்கு இது புரியும், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கட்டாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கேட்டில் ஒரு போர்டு மாட்டியிருந்தேன். 'வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்.' பேச்சிலர் பையன்கள் மொட்டைமாடியில் கிரிக்கெட் ஆடித் தண்ணீர்த் தொட்டியை உடைத்த பிறகு எழுதியது. அந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போர்டில் இல்லாதது

ஆடி மாதம். யாரும் வீடு மாற மாட்டார்கள், மாடி காலியாகக் கிடந்தது. புரோக்கர் சேகர், "டீசன்ட்டான குடும்பம் சார்" என்று சொல்லிவிட்டு அழைத்து வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கியது ஒரே ஒரு பெண். முப்பது வயது இருக்கும். இரண்டு பெரிய பெட்டிகள். பெயர் செலாம். ஊர் எத்தியோப்பியா. தஞ்சாவூர் ரோட்டில் ஒரு காலேஜில் பிஎச்.டி. படிக்க வந்திருக்கிறாள்.

"குடும்பம் எங்கே?" என்றேன். ஃபோனை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு ஆள், மடியில் ஒரு பெண் குழந்தை. புருஷன் தாவித், ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். மகள் ரூத்துக்கு நாலு வயது. விசா கிடைத்ததும் இருவரும் வந்துவிடுவார்களாம். வந்த பிறகு வீடு தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், என் மனைவி சரோஜா சாவியோடு பாதிப் படி ஏறிவிட்டாள், கையில் ஒரு பெட்டி வேறு.

"பொங்கல் வரைக்கும் டயம். அதுக்குள்ள குடும்பம் வரலைன்னா காலி பண்ணிடணும்" என்றேன். செலாம் சரி என்று தலையாட்டினாள். கமிஷனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு புரோக்கர் சொன்னான்:

"போர்டுல குடும்பம்னுதானே சார் போட்டிருக்கீங்க? இவங்க குடும்பம் ஃபோன்ல இருக்கு. நேர்லயே இருக்கணும்னு போடலையே!"

மாடியில் ஆம்பளைக் குரல்

எதிர்வீட்டு ராஜமாணிக்கம் என்னோடு வேலை பார்த்தவன். ரிடையர் ஆன பிறகு என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவனுக்கு வேலை. ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தான். "யோவ், உன் மாடியில ஆம்பளைக் குரல் கேக்குது. குழந்தை வேற அழுவுது. உனக்குத் தெரியாம எவனோ வந்து இறங்கிட்டான்."

ஏறிப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. செலாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே, சொம்பில் சாய்த்து வைத்த ஃபோன். அதில் தாவித்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அங்கே இன்னும் பொழுது சாயவில்லை. ஆனாலும் தினமும் மூன்று பேரும் ஒரே நேரத்தில்தான் தட்டு வைப்பார்களாம். அன்றைக்கு ரூத் வாயைத் திறப்பதில்லை என்று அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தாள். அப்பன் அங்கே கெஞ்சுகிறான். அம்மா இங்கே மிரட்டுகிறாள்.

நான் குனிந்து, "என்ன சத்தம்?" என்றேன். என் மீசை கொஞ்சம் பெரிது. ஃபேக்டரி ஷாப் ஃப்ளோரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. எத்தியோப்பியாவிலும் இருக்கும் போல. அழுகை பட்டென்று நின்றது. குழந்தை என் மீசையைப் பார்த்தபடி வாயை ஆவென்று திறந்தது. தாவித் ஒரு கவளத்தை உள்ளே தள்ளினான். பிறகு இன்னொன்று. தட்டு காலி. செலாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாவித் இங்கிலீஷில் ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"சார், தினமும் இந்த நேரத்துக்குக் கொஞ்சம் மாடிக்கு வர முடியுமா?"

மாவு

போனேன். வேறென்ன செய்வது, குழந்தையைப் பட்டினி போடவா முடியும்?

அவர்கள் சாப்பாடு இன்ஜெரா என்று ஒன்று. நம் தோசை மாதிரிதான், ஆனால் தாம்பாளம் அகலத்துக்கு இருக்கும், நன்றாகப் புளிக்கும். அவர்கள் ஊர் தானியம் இங்கே கிடைக்காது. செலாம் கேழ்வரகு மாவைக் கரைத்து வாளியில் மூடி வைத்து நாள் கணக்கில் புளிக்க விடுவாள். சரோஜா ஒரு நாள் துணி எடுக்கப் போனவள் வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். மாவு கெட்டுப்போனது கூடத் தெரியாமல் அந்தப் பெண் படிப்பு படிப்பு என்று ஓடுகிறதே என்று மனம் இளகி, அவ்வளவையும் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவி, அப்போதுதான் அரைத்த இட்லி மாவை நிரப்பி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் செலாம் வாளியைத் திறந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு விஷயம் விளங்கியதும் ஒரே சிரிப்பு. அந்த மாவில் தோசை ஊற்றி, ஒரு துண்டைச் சுருட்டி, சரோஜாவின் வாயில் தானே ஊட்டிவிட்டாள். பிரியமானவர்களுக்குக் கையால் ஊட்டுவது அவர்கள் ஊர் வழக்கமாம். சரோஜாவுக்கு வெட்கம். நான் உதவியாக ஒன்று சொன்னேன்: "நாலு நாள் மாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கணுமா? அதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு?" சரோஜா வாயில் தோசையோடு சொன்னாள்:

"விசாவுக்கே அவ வாயத் தொறக்காம காத்துக்கிட்டு இருக்கா. டிகிரி காப்பிக்கு நாலு தடவை சமையக்கட்ட எட்டிப் பாக்குற ஆளு நீங்க, சும்மா இருங்க."

வெள்ளிக்கிழமை

சரோஜா ஒரு வெள்ளிக்கிழமை தயிர் சாதம் கொடுத்து அனுப்பினாள். அப்படியே திரும்பி வந்தது. புதனும் வெள்ளியும் அவர்களுக்கு விரதமாம். கறி, முட்டை மட்டும் இல்லை; பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாதாம். ராஜமாணிக்கத்துக்கு வெள்ளிக்கிழமை விரதத்தில் ஏகப் பெருமை. காலையிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு உலாத்துவான். விஷயம் கேள்விப்பட்டு, கையிலிருந்த பால் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"நான் இவ்வளவு வருஷமா இருந்தது விரதமே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருச்சேய்யா அந்தப் பொண்ணு!"

ஒரு முழம்

மார்கழி வந்துவிட்டது. விசா வரவில்லை. பொங்கல் நெருங்க நெருங்க செலாம் பேசுவது குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் ரூத், "அம்மாகிட்ட எப்போ போவோம்?" என்று கேட்பதும் தாவித் பேச்சை மாற்றுவதும் எனக்குப் பாஷை தெரியாமலே புரிந்தது. சரோஜா ஸ்ரீரங்கத்துக்கு வேண்டிக்கொண்டாள். செலாமுக்குப் புடவை கட்டி விட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி மூன்று பேரும் போனோம்.

கோயிலில் ஓர் எல்லைக்கு மேல் செலாம் போக முடியாது. எனக்கு க்யூவில் நிற்க முடியாது. சரோஜாவை உள்ளே அனுப்பிவிட்டு இருவரும் கோபுரத்துக்கு வெளியே உட்கார்ந்தோம். செலாம் ஃபோனைத் தூக்கிப் புருஷனுக்குக் கோபுரத்தைக் காட்டினாள். முழுக் கோபுரமும் அடங்கவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டே போய் பூக்காரம்மா கூடையில் இடித்தாள்.

பூக்காரம்மா திட்டத்தான் வாயைத் திறந்தாள். புடவையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரரு வரலியா கண்ணு?" என்றாள். செலாமுக்கு அந்தக் கேள்வி தமிழில் அத்துப்படி. எல்லோரும் கேட்பதுதானே. "வருவாங்க" என்று சொல்லி ஃபோனைக் காட்டினாள். ரூத் கையை ஆட்டினாள். மார்கழி மல்லிகை விற்கிற விலையில், அந்த அம்மாள் ஒரு முழம் அளந்து செலாம் தலையில் வைத்துவிட்டாள். இன்னொரு துண்டைக் கிள்ளி ஃபோனைச் சுற்றிக் கட்டினாள். காசு நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

"புள்ளைக்குப் பூ வச்சதுக்கு என்னா காசு? நீங்க நவுருங்க, புள்ள மொகம் மறைக்குது."

போகி

விசா ஆபீஸில் இன்னும் ஒரு பேப்பர் கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தியோடு போகி வந்தது. காலையிலேயே ராஜமாணிக்கம் வந்தான். அவன் தங்கச்சி மகன் வீடு தேடுகிறானாம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். "நாலு பேரும் முழுசா நேர்லயே இருக்காங்கய்யா" என்றான்.

மாடிக்குப் போனேன். வீடு பெருக்கித் துடைத்திருந்தது. வாசலில் இரண்டு பெட்டிகளும் கட்டி வைத்தபடி. ஜன்னலில் சாவி. செலாமின் கண் சிவந்திருந்தது. காலேஜ் தோழி ஒருத்தியின் ஹாஸ்டல் அறையில் ஒண்டிக்கொள்ளப் போகிறாளாம். அந்த ஹாஸ்டலில் புருஷனும் குழந்தையும் வந்தாலும் தங்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நீங்க பொங்கல்னு சொன்னீங்க அங்கிள், நான் சரின்னு சொன்னேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள். "பொங்கல்னுதான் சொன்னேன். எந்த வருஷப் பொங்கல்னு சொன்னேனா?" என்று கத்திவிட்டுப் பெட்டிகளை உள்ளே தள்ளினேன். ஒன்று என் காலில் விழுந்தது. புத்தகமாக அடைத்திருக்கிறாள். மறுநாள் வாசலில் சரோஜா பொங்கல் வைக்க, செலாம் ஃபோனைப் பானைக்கு நேரே பிடித்திருந்தாள். பால் பொங்கியதும் "பொங்கலோ பொங்கல்" என்று முதலில் கத்தியது எத்தியோப்பியாதான். எதிர்வீட்டுக் கேட்டுக்கு மேல் கழுத்தை நீட்டி ராஜமாணிக்கமும் கத்தினான்:

"குடும்பம் குடும்பம்னு போர்டு போட்டவன், கடைசியில ஒரு செல்ஃபோனுக்கு வீட்ட விட்டிருக்கான் பாருங்கய்யா!"

என்ன சத்தம்?

மாசியில் விசா வந்தது. செலாம் படியில் இறங்கி ஓடி வந்த சத்தத்தில், மாடி இடிந்துவிட்டது என்று ராஜமாணிக்கம் வெளியே வந்துவிட்டான்.

திருச்சி ஏர்போர்ட். விடிந்தும் விடியாத நேரம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்காக வெளியே ஊரே நின்றது. மாலை, சால்வை, கைக்குழந்தைகள். செலாம் கையில் டிபன் பாக்ஸ், அதில் இன்ஜெரா. அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "ரொம்ப நாளா என்னை ஃபோன்லதான் பாக்கறா. நேர்ல அடையாளம் தெரியுமா அம்மா?" என்று சரோஜாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தாவித் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் பேன்ட்டைப் பிடித்தபடி ரூத். செலாம் மண்டியிட்டுக் கையை விரித்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. அப்பன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. பிறகு அப்பன் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. செலாமின் விரித்த கை அப்படியே நின்றது. தாவித் என்னவோ கெஞ்சினான். சரோஜா "செல்லம், செல்லம்" என்றாள். குழந்தை இன்னும் உள்ளே ஒடுங்கியது.

எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய்க் குனிந்தேன். "என்ன சத்தம்?"

குழந்தை எட்டிப் பார்த்தது. மீசையைப் பார்த்தது. வாயை ஆவென்று திறந்தது.

செலாம் ஒரு நொடி திகைத்தாள். அடுத்த நொடி டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு துண்டைப் பிய்த்துச் சுருட்டி, அந்த வாயில் வைத்தாள். குழந்தை மென்றது. ஊட்டிய கையைப் பார்த்தது, பார்வை கையிலிருந்து முகத்துக்குப் போனது. மறுபடி வாயைத் திறந்தது, இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. மூன்றாவது கவளத்துக்கு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மடியில் ஏறிவிட்டது. செலாம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சரோஜா அழுதாள், அது தெரிந்தது. வழியை மறிக்கிறோம் என்று காவலர் விசிலடித்தார். என் வேலை முடிந்தது என்று காரைத் தேடிக் கிளம்பினேன். தாவித் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்:

"சார், இன்னிக்கு ராத்திரியும் மாடிக்கு வருவீங்கதானே?"

போர்டைக் கழற்றிப் பரணில் போட்டாகிவிட்டது, மாடிக் குழாய் வழக்கம்போல ஒழுகுகிறது, தினமும் சாப்பாட்டு நேரத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு படியேறும் டியூட்டிக்கு மட்டும் எனக்கு இன்னும் ரிடையர்மென்ட் கிடைத்தபாடில்லை.