அடைப்பு எடுத்த பிறகும் அசையாத கை

பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பை அணைக்க வலது கை போகவில்லை. கணவரைக் கூப்பிட்டால் வெறும் சத்தம்தான் வந்தது. என் வாய் கோணியிருப்பதைப் பார்த்ததும் அவர் வேறெதுவும் யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸை வரவழைத்து, தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்.

தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையிலிருந்த அடைப்பை எடுத்தார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் கையைப் பார்த்தேன். அது யாருடையதோ போலக் கிடந்தது.

"ரத்தம் ஓடுதுன்னு சொல்லுதீங்க, கை ஏன் இன்னும் விளங்கல?" என்று கணவர் கேட்டார்.

"ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. மூளை அந்த அதிர்ச்சியில இருந்து இன்னும் தெளியல. சிலருக்கு நாளாகும். எவ்வளவு தேறும்னு இப்பவே சொல்ல முடியாது. பயிற்சியை விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய பிறகு பயிற்சியை விடாமல் பார்த்துக்கொண்டவள் கணவரின் தங்கை. போலீஸ்காரி. அருவி சீசன் என்பதால் குற்றாலத்தில் பந்தோபஸ்து. டூட்டிக்குப் போகுமுன் யூனிஃபாரத்தோடு வந்து என் விரல்களை மடக்கி நீட்டுவாள். நான் அழுவேன்.

"அழுங்க மைனி, வேண்டாம்னு சொல்லல. அழுதுக்கிட்டே மடக்குங்க."

கணவருக்கு வெளியூர் வேலை வந்த ஒருநாள், வீட்டில் தனியே விட மனமில்லாமல் என்னையும் கூட்டிப்போனாள். அருவிக்கரையில் போலீஸ் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். சாரல் முகத்தில் அடித்தது. "ஏலே, அங்கன எங்க ஏறுத? இறங்குலே!" என்று அவள் விசிலடித்துக் கத்துவதைக் கேட்டு மனசுக்குள் சிரித்தேன்.

இடைவேளையில் ரம்புட்டான் பழம் உரித்து என் மடியில் வைத்தாள். ஒன்று உருண்டது. வலது கை சட்டென்று அதைத் தொடையோடு சேர்த்து அமுக்கியது.

இருவரும் அந்தக் கையையே பார்த்தோம்.

"மைனி, நீங்களாவா பிடிச்சிய?"

எனக்கும் தெரியவில்லை. இன்னொன்றை உருட்டிவிட்டாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்குள் அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேச்சும் வந்தது, தாறுமாறாக. தண்ணீர் கேட்க நினைத்தால் வாய் உப்பு என்றது. கணவர் சிரிக்காமல் இரண்டையும் கொண்டுவந்து வைப்பார். இன்னும் சுண்டுவிரல் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் தலையை நானே பின்னிக்கொள்கிறேன்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது வெளியே நல்ல கூட்டம். எழுந்திருக்குமுன் நன்றி சொல்ல வாயெடுத்தேன். முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது. கணவர் எனக்காகச் சொல்லப் போனார். டாக்டர் கைகாட்டி நிறுத்தினார். நான் தடுமாறித் தடுமாறி முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவரைக் கூப்பிடாமல் காத்திருந்தார்.