யார் வீட்டுக்கும் போகாமல் கடலுக்கு

காலை ஆறரை மணிக்கு ஜெர்மனியின் ஹம் நகர ரயில் நிலையத்தில் முதுகுப் பைகளோடு நாங்கள் மூன்று பேர் நின்றோம். மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வசந்தி பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், ஜெயா தமிழ்க் கடை வைத்திருக்கிறாள், நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். புருஷன்மாரையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டுவிட்டு நாலு நாள் பயணமாக வடக்கே பால்டிக் கடலுக்குப் புறப்பட்டோம். கையில் ஐம்பத்தெட்டு யூரோ மாதச் சீட்டு. அதைக் காட்டினால் நாடு முழுவதும் பஸ்ஸிலும் மெது ரயிலிலும் போகலாம். விரைவு ரயிலில்தான் ஏற முடியாது. எங்களுக்கும் அப்படியொன்றும் அவசரமில்லை.

பயணத்துக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தோம். எந்தத் தமிழர் வீட்டுக்கும் போவதில்லை.

இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். நான் பாரிஸுக்கு நாலு முறை போயிருக்கிறேன். அங்கே எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என் சித்தி மகள் சமைக்கிற குசினி. லண்டனில் தேம்ஸ் நதியைக் காரின் கண்ணாடி வழியாக, ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுச் சடங்குக்குப் பிந்திப்போகிற அவசரத்தில் பார்த்தேன். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் அது எங்களிடையே சண்டைக்குப் போவதற்குச் சமம். வீட்டுக்குப் போனாலோ சாப்பாடு, பிறகு தேத்தண்ணி, பிறகு இன்னொரு வீட்டில் சாப்பாடு. போன வருடம் இதே மூன்று பேரும் வடகடல் தீவொன்றுக்குப் புறப்பட்டோம். பிரேமனில் ஜெயாவின் சம்பந்தி வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினோம். மூன்றாம் நாள் அங்கிருந்தே ஹம்முக்குத் திரும்பினோம். கடலைக் கண்ணாலும் காணவில்லை. நான் குளிர்காலம் முழுக்க ஹம் நீச்சல் குளத்தில் ஓய்வூதியக்காரரோடு நீந்தப் பழகியது இந்த முறையும் வீணாகப் போகக் கூடாது என்று நெஞ்சுக்குள் வைராக்கியம் இருந்தது.

முன்ஸ்டர், ஒஸ்னாபுறுக், பிரேமன் என்று மாறி மாறி ஏறினோம். பிரேமனில் ரயிலுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க ஜெயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கோப்பி வாங்கக்கூட மேடையை விட்டு இறங்கவில்லை. மத்தியானம் ஒரு மணிபோல ஹம்பேர்க் போய்ச் சேர்ந்தோம். படகுத் துறைக்கு மேலே மேட்டில் இருக்கிற இளைஞர் விடுதியில் நாலு கட்டில் அறை கிடைத்தது. காலைச் சாப்பாட்டோடு ஆளுக்கு நாற்பது யூரோ சொச்சம். விரிப்பைக் கையில் தந்து, நீங்களே விரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் முழுவதும் தெரிந்தது. நாலாவது கட்டிலுக்கு ஆள் வரவில்லை.

பின்னேரம் ஃபின்கன்வேர்டருக்குப் போகிற படகில் ஏறினோம். அதற்கும் அதே சீட்டுத்தான். எல்பே நதியில் ஒரு கரையில் மணலும் பழைய மாலுமிகளின் வீடுகளும், மறு கரையில் பாரந்தூக்கிகளும் கொள்கலன் கப்பல்களும். மேல் தட்டில் காற்று ஆளைத் தூக்கியது. எதிர் வாங்கில் ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. முன்பே பேசி வைத்தபடி நாங்கள் ஜெர்மன் மொழியில் கதைக்கத் தொடங்கினோம். எல்லாம் நன்றாகத்தான் போனது, வசந்தி பசிக்கிறது என்று பொரித்த றோல்ஸ் பெட்டியைத் திறக்கும் வரை.

“றோல்ஸ் வீட்டில செய்ததோ?” என்று கேட்டார் எதிரே இருந்தவர்.

“ஓம் அண்ணை, ஒண்டு எடுங்கோ” என்றாள் வசந்தி. அவள் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

கை நனைத்தவரிடம் ஊர் சொல்லாமல் இருக்க முடியுமா? எந்த ஊர், யாருடைய மகள், யாரைக் கட்டினது என்று அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். படகு கரை தட்டுவதற்குள் நான் ஹம்பேர்க் பவானியின் தம்பி மனைவி என்பதும் எந்த விடுதியில் தங்குகிறோம் என்பதும் வெளியே வந்துவிட்டன. என் கணவரின் அக்காவான பவானி மச்சாள் தனக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்று சொல்லி, மகிழ்ச்சியாகப் போனை எடுத்தார் அவர். நாங்கள் மூவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழு மணிக்கு மச்சாள் விடுதி வாசலில் நின்றார். முப்பது வருடமாக ஹம்பேர்க்கில் இருப்பவர். ஐரோப்பாவில் உள்ள எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் அவர் கையால் சாப்பிட்டிருப்பார்கள். ஒரு கையில் கார்ச் சாவி, மறு கையில் சாப்பாட்டுப் பை. கண் கலங்கியிருந்தது.

“என்ர வீடு இஞ்ச இருக்கேக்க காசு குடுத்துப் படுக்க வந்திருக்கிறியள். பவானிக்குச் சோறு போட மனமில்லை எண்டெல்லோ சனம் கதைக்கும்?”

வசந்தி புறப்படுவதற்குக் கால் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டாள். இனி நடக்கப் போவது எனக்கு வரிசையாகத் தெரிந்தது. இன்றிரவு மச்சாள் வீடு, நாளை அவர் மகன் வீடு, மறுநாள் கோயில், பிறகு ஹம். எனக்குக் கோபமும் வந்தது, அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரை இதோடு முடிந்திருக்கும்.

“மச்சாள், உங்கட வீட்டுக்கு வந்தால் நான் உங்களைப் பாப்பன். கடலைப் பாக்க ஏலாது. போன வருசமும் இப்பிடித்தான் போனது” என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். கொண்டுவந்த புட்டும் கணவாய்க் கறியும் ஆறிவிடும் என்று ஜெயா நடுவில் புகுந்தாள். சட்டம் வீட்டுக்குத்தான், புட்டுக்கு இல்லை என்பது அவளுடைய வாதம். விடுதிச் சாப்பாட்டறையில் நாலு பேரும் சாப்பிட்டோம். பிறகு விரிப்பு சுத்தமா என்று பார்க்கும் சாட்டில் மச்சாள் எங்கள் அறைக்கு வந்தார். ஆளில்லாத மேல் கட்டிலைக் காட்டினேன். அறுபத்தொரு வயதில் ஏணியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பெரிய கப்பல் ஒன்று மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடியும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

“வாற சனம் எல்லாத்தையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்” என்றார். “பார்க்கிங் இல்லை எண்டு நான் காரிலயே இருப்பன்.”

கடற்கரைக்குப் போனால் என்று கேட்டேன். அங்கே பைகளுக்குக் காவல் இருப்பாராம்.

“அப்ப நாளைக்கு எங்களோட வாங்கோ. சமைக்கவும் கூடாது, காவல் இருக்கவும் கூடாது.”

மச்சாள் ஏணியைப் பிடித்து இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் என் கணவர் போன் எடுத்து, அக்காவுக்கு என்ன சொன்னாய், அவ பேசாமல் இருக்கிறா என்று கேட்டார். அன்று எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. கடலைப் பார்க்கிறேன் என்று ஒரு சொந்தத்தை முறித்துவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை லூபெக் போகும் ரயில் புறப்படக் கொஞ்ச நேரமே இருந்தது. மச்சாள் நிலையத்தின் படியில் இறங்கி வந்தார். முதுகில் அவர் மகன் எப்போதோ பள்ளிக்குக் கொண்டுபோன பை. உதைபந்தாட்டக் கழகத்தின் ஒட்டுப்படம் அதில் இன்னும் இருந்தது. கையில் ஒரு சோற்றுக் குக்கர். நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாலு பேரும் ஓடிப்போய் நிலையத்தின் பூட்டுப் பெட்டியில் குக்கரை வைத்துப் பூட்டினோம். அதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம்.

லூபெக் முக்கால் மணி நேரம்தான். ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிற பழைய கோட்டை வாசலின் முன் படம் எடுத்தோம். மார்சிபான் என்கிற வாதுமை இனிப்பை வாங்கிக்கொண்டு ட்ராவமுண்ட ரயிலில் ஏறினோம். கடைசி நிலையத்தில் இறங்கி ஒரு வீதியைக் கடந்ததும் கடல். அப்படியே நின்றுவிட்டேன். யாரும் எங்களை எங்கும் வரச் சொல்லவில்லை.

இந்தக் கடற்கரைகளில் கூரை வைத்த பெரிய பிரம்புக் கூடைகள் வரிசையாக நிற்கும். உள்ளே இரண்டு பேர் காற்றுப் படாமல் இருக்கலாம். ஒரு நாள் வாடகை பதினான்கு யூரோ. அது போக, கடற்கரைக்கு ஆளுக்கு மூன்று யூரோவுக்கு மேல் கட்டணம். கடலுக்குக் காசா என்று ஜெயா கடைக்காரியாகவே கணக்குக் கேட்டாள். இரண்டு கூடை எடுத்தோம். தண்ணீர் பத்தொன்பது பாகை என்று பலகையில் எழுதியிருந்தது.

மச்சாள் நாலு பைகளையும் தன் காலடியில் சேர்த்து, ஒரு பையின் வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடப் பழக்கம். காவல் இருக்கக் கூடாது என்ற சட்டத்தை ஞாபகப்படுத்தினேன். களவு போனால் என்ன செய்வது என்றார். பக்கத்துக் கூடையில் இருந்த ஜெர்மன் கிழவி வாசித்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மச்சாளுக்கு வேறு சாட்டுக் கிடைக்கவில்லை. வாரை அவிழ்த்தார்.

குளிர் முதலில் எலும்பைக் கவ்வியது. பிறகு விட்டது. நான் மஞ்சள் மிதவையைக் குறிவைத்து நீந்தினேன். குளத்தில் சுவர் இருக்கும், இங்கே இல்லை. இரண்டு முறை உப்புத் தண்ணீர் குடித்தேன். மிதவையைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, சுடிதாரோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று மச்சாள் கையாட்டிக்கொண்டிருந்தார். பைகள் பக்கம் அவர் முகம் இல்லை. நான் அங்கேயே அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்றிரவு அங்கேயே அறை எடுத்துத் தங்கி, அடுத்த நாள் கடலோரச் செங்குத்து மேட்டின் விளிம்பில் நீன்டோர்ஃப் வரை ஏழு கிலோமீட்டர் நடந்தோம். மண் சரிந்து கடலில் விழுகிற இடங்களில் பாதையை உள்ளே தள்ளிப் போட்டிருந்தார்கள். நீன்டோர்ஃப் துறையில் மீன் வைத்த பாண் ரொட்டியை நின்றபடி சாப்பிட்டோம். மச்சாள் ஒரு முறைகூட, நான் இதை விட நல்லாச் செய்வன் என்று சொல்லவில்லை. வசந்திதான் சொன்னாள்.

நாலாம் நாள் லூபெக் மேடையில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ஹம்மில் மறுநாள் காலை எனக்கு வேலை. எங்கள் ஊரில் கடல் இல்லை, பெரிய நதியும் இல்லை. இருந்தாலும் இந்த முறை வெறும் கையோடு திரும்பவில்லை என்ற நிறைவு இருந்தது. அப்போது மச்சாளின் போன் அடித்தது. பாரிஸிலிருந்து அவரின் பெரியம்மா மகள். குடும்பமாக ஏழு பேர் காரில் வந்துகொண்டிருக்கிறார்களாம், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பீர்களா என்று கேட்கிறாராம்.

மச்சாள் எங்களைப் பார்த்தார். ஜெயா கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான் வீட்டில இல்லை” என்றார் போனில். “டூரில நிக்கிறன். துறைமுகத்துக்கு மேல நல்ல விடுதி ஒண்டு இருக்கு, அங்க போங்கோ. மேல் கட்டிலை எடுங்கோ, அதிலதான் கப்பல் வடிவாத் தெரியும்.”

போனைப் பள்ளிப் பைக்குள் போட்டு மூடினார். வந்த ரயில் ஹம்பேர்க்குக்கு. மச்சாள் எழுந்திருக்கவில்லை. எதிர் மேடையில் ட்ராவமுண்ட ரயில் நின்றது.

“நீங்கள் போங்கோ பிள்ளையள். நான் இன்னொருக்காக் கடலைப் பாத்திட்டு வாறன்.”