ஜவுளிக்கடையும் என் அடிவயிறும்

ஜவுளிக்கடை வேலையில் முதல் பாடம் சிரித்த முகத்தோடு நிற்பது. இரண்டாவது பாடம், நின்றுகொண்டே இருப்பது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை. அதன் இரண்டாவது மாடியில், ஃபேன்சி புடவைப் பிரிவில் நான் நிற்கிறேன். என் பெயர் செல்வி. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். அடிவயிற்று வலியும் ஏறக்குறைய அப்போதுதான் என்னோடு சேர்ந்துகொண்டது. முதலில் மாதவிடாய் நாட்களில் மட்டும் வந்தது. பிறகு அதற்கு முந்தின வாரமும் வந்தது. அப்புறம் நாள் கிழமை பார்ப்பதையே விட்டுவிட்டது. தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கல். அது இடுப்புக்குப் போய், தொடை வழியாக இறங்கும். இதைப் படிக்கும்போதே அடிவயிற்றில் கை வைத்துக்கொள்கிற அக்கா தங்கைகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த வருடங்களில் சில மனிதர்கள் என்னை அப்படியே திகைத்து நிற்க வைத்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செந்துறைக் கல்யாணப் பெண்

ஆவணி முகூர்த்த சீசன். செந்துறையிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பட்டு எடுத்து முடித்துவிட்டு, சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கும் புடவைகளுக்காக எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். அத்தை ஒரு நிறம் கேட்டார், சித்தி வேறு நிறம் கேட்டார், நான் மேல் தட்டிலிருந்து இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தானையை என் தோளில் விரித்துக் காட்டும்போது வலி பிடித்துக்கொண்டது. இடது கையால் கவுண்டர் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் சிரிக்க வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் அது கைவந்த கலை, யாரும் கண்டுபிடித்ததில்லை.

கல்யாணப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். தன் சொந்தக் கல்யாண அமளிக்கு நடுவே, என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்திருக்கிறாள். வாடிக்கையாளர் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் வைத்தாள். சூப்பர்வைசர் சேகர் சார் தூரத்திலிருந்து முறைத்தார். அவள் அவருக்கும் கேட்கும்படி, சாதாரணமாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க ஒக்காந்து காட்டுங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல, முகூர்த்தம் அடுத்த வாரந்தான்."

நார்மல்

அதற்குள் நான் பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் வாயு என்றார். ஒருவர் மூத்திரத்தில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். ஒருவர் அல்சர் என்றார். மருந்துக்கடைக்காரர் சூடு என்று சொல்லிவிட்டார். மாமியார் வெந்தயத்தை மோரில் கலக்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வலி எதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "எல்லாம் நார்மல். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமியார் மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டுவிட்டு வந்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது. நோய் இல்லை என்றதும் அழுகிற பைத்தியம் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். வலியே என் கற்பனையோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இதே சந்தேகத்தோடு நீங்களும் ஆஸ்பத்திரி வாசற்படி இறங்கியிருப்பீர்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மும்தாஜிடம் சொன்னேன். மும்தாஜ் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிறவள். புருஷன் சவூதியில் இருக்கிறார். சுடிதார் பிரிவில் வேலை. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. பிறகு அதைத் திறந்து, தன் சோற்றில் பாதியை என் மூடியில் வைத்தபடி சொன்னாள்: "ரிப்போர்ட்டு நார்மலா இருந்துட்டுப் போகட்டும்டி. அல்லா மேல ஆணையா சொல்றேன், நீ நார்மலா இல்ல."

மாதாவுக்கு நீலப் புடவை

அடுத்துப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி. ஐந்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டார். "ஒரு குழந்தை இருக்குல்ல? கர்ப்பப்பைய எடுத்துடலாம். தொல்லை விட்டுது." எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. என் கணவர் கண்ணன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அவருக்கும் குழப்பம்தான், ஆனால் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "உனக்கு நின்னா சரி" என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் ஏலாக்குறிச்சியிலிருந்து ஓர் அம்மா தனியாக வந்தார். கோயில் மாதாவுக்குச் சாத்த ஒரு நீலப் புடவை வேண்டும் என்றார். ரொம்ப நேரம் பார்த்தார். வானத்து நீலம் வேண்டாம், மயில் கழுத்து வேண்டாம், நடுவில் ஒரு நீலம். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்ன வேண்டுதல்ங்க?" என்று சும்மா கேட்டேன். எங்கள் வியாபாரத்தில் இதெல்லாம் வழக்கமான பேச்சு. அவர் புடவையைத் தடவிக்கொண்டே, "அடிவயித்து வலிம்மா" என்றார். நான் என் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வாடிக்கையாளரிடம் சொந்தக் கதை பேசக்கூடாது என்பது கடைச் சட்டம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பெற்ற மகளிடம்கூடச் சொல்லியிருப்பாரா என்று தெரியாத ஒன்றை, விரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவே எனக்குச் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "நான் எடுத்து வருஷம் பல ஆச்சு தங்கச்சி. மாசந்தோறும் வர்றது நின்னுச்சு, வலி நிக்கல. எடுக்கிறதுக்கு முன்னாடி, எதனால வலிக்குதுன்னு அவங்கள ஒரு வாட்டி சொல்லச் சொல்லு."

தெரியாது என்று சொன்ன டாக்டரம்மா

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். வீட்டில் ஒரே சண்டை. மாமியார் நாலு நாள் பேசவில்லை. மும்தாஜின் நாத்தனார் காட்டிய வழியில், அரியலூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கக் கண்ணன் அழைத்துப் போனார். லோடு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு குழியிலும் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பேசச் சொன்னார். வெளிக்குப் போகும்போது வலிக்குமா? உட்கார்ந்தால் கூடுமா? அம்மாவுக்கு, அக்காவுக்கு இப்படி இருந்ததா? வீட்டுக்காரரோடு சேரும்போது வலிக்குமா? கடைசிக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. "வலிக்கும்ங்க டாக்டர். இவ சொல்லமாட்டா. பல்லைக் கடிச்சிக்குவா. அதனால நான் கிட்டயே போறதில்ல, ரொம்ப நாளாவே" என்றார் கண்ணன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு என்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, தனியாக எத்தனை தடவை அழுதிருப்பேன்! அந்த மனிதர் வாயே திறக்காமல் எனக்குக் காவல் இருந்திருக்கிறார்.

டாக்டரம்மா பரிசோதனை செய்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இவரும் ஒரு பெயர் சொல்லி அனுப்பிவிடுவார் என்று காத்திருந்தேன். எந்த டாக்டர் வாயிலிருந்தும் நான் கேட்டிராததை அவர் சொன்னார்: "வலி உண்மைதான்மா. காரணம் ஒண்ணு சந்தேகமா இருக்கு, ஆனா உறுதியாத் தெரியாது. தெரியாம எதையும் எடுக்க வேணாம், தேடுவோம்."

உள்ளே எடுத்த படம்

முதலில் சில மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பிறகு பெரிய ஸ்கேன். அதற்குப் பிறகு திருச்சிக்கு அனுப்பி, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. கண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அங்கிருந்த டாக்டர் படத்தைக் காட்டினார். என் வயிற்றின் உள்பக்கத்தை நான் பார்க்கிறேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, இவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் நினைத்தது? அதில் அங்கங்கே மிளகைத் தெளித்ததுபோலக் கருப்புப் புள்ளிகள். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே ஒன்று வெளியிலும் வளர்ந்திருக்கிறது. அதுவும் மாதாமாதம் வீங்குகிறது, கசிகிறது. ஒரு பக்கம் சினைப்பையைக் குடலோடு சேர்த்து ஒட்டியே வைத்துவிட்டது. முடிந்த இடங்களில் எடுத்துவிட்டதாகவும், திரும்ப வரலாம் என்றும் சொன்னார். பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் நம்பாதது, நானே நம்பாமல் போனது, புள்ளி புள்ளியாகக் கண்முன்னால் இருக்கிறது. கோயிலில் திரை விலகியதும் நிற்போமே, அப்படித்தான் இருந்தது. பயம் வரவில்லை. கண்ணன் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இத வெச்சுக்கிட்டா நீ தெனமும் நின்ன?" என்றார்.

மூச்சு

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். புண் ஆறிய பிறகும் ஒரு இறுக்கம் மிச்சமிருந்தது. டாக்டரம்மா என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். கால் வலிக்குத்தான் அங்கே போவார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் என்னைப் படுக்கவைத்து, வயிற்றைத் தளர விடச் சொன்னாள். விட்டுவிட்டேன் என்றேன். "இல்லக்கா, இன்னும் புடிச்சிருக்கீங்க" என்றாள். மறுபடி விட்டேன். அப்போதும் இல்லை என்றாள். வலிக்குப் பயந்து பயந்து, அடியில் இருக்கும் தசைகளை வருடக்கணக்கில் இறுக்கியே வைத்திருக்கிறேன், தூக்கத்தில்கூட.

மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து விடப் பழக்கினாள். சில வாரம் கழித்து ஒருநாள், உள்ளே ஏதோ ஒன்று முடிச்சு அவிழ்ந்து இறங்கியது. வலி இல்லாத இடுப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. படுத்தபடியே கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவள் பதறவில்லை. ஒரு துண்டை நீட்டிவிட்டுச் சொன்னாள்: "அழுங்கக்கா. அழும்போது நல்லா மூச்சு விடுறீங்க."

சேகர் சார்

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். சேகர் சார் தரைத்தளத்துப் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். கடையில் அவர் குரல் கேட்டாலே புடவைகள் தானாக மடிந்துகொள்ளும் என்று நாங்கள் கேலி பேசுவோம். எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டே, "அது என்ன பேரு சொன்னாங்க உங்களுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவரால் வாயில் நுழைக்க முடியவில்லை. இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னேன். செல்போனைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

பிறகு எந்த டாக்டர், எந்த பஸ், புருஷனும் கூடப் போக வேண்டுமா என்று கேட்டார். போவது நல்லது சார் என்றேன். இத்தனை வருடம் அவர் அதட்டலுக்குப் பயந்து நின்ற எனக்கு, அவர் கண்ணோரம் ஈரத்தைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. "எங்க வூட்லயும் இப்படித்தான் சுருண்டு படுத்துக்கிடப்பா, செல்வி. வேல செய்ய ஒடம்பு வணங்காம நடிக்கிறான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

இப்போதும் மாதத்தில் சில நாள் அது வருகிறது. பெயர் தெரியாத காலத்தில் சும்மா பொறுத்துக்கொண்டிருந்தேன், இப்போது முழுப்பெயரைச் சொல்லித் திட்டிவிட்டு அடுத்த புடவையை விரிக்கிறேன்.