கரையில் உட்காராத செவந்தி

என் தங்கச்சி செவந்தி ஜெயித்தவை இவை. பதினைந்து வயதில், நாற்பது வயதுக்காரருக்குப் பேசி முடித்த கல்யாணத்தைத் தாம்பூலம் மாற்றுகிற அன்று காலையில் நிறுத்தியது. புருஷன் செத்த பிறகு கொழுந்தன் வேலி போட்டு அடைத்த வீட்டுப் பாதையை, தாலுகா ஆபீசுக்குப் பதினேழு தடவை நடந்து திறக்க வைத்தது. சமையல் வேலைக்குப் போன வீட்டில், மூட்டு வலி வந்தபோது உட்கார்ந்து சாப்பிட நாற்காலி கேட்டு வாங்கியது. தன் பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் டம்ளர். நாற்பத்து மூன்று வயதில் பாஸ்போர்ட். கடைசியாக, கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில், அவள் ஒருத்திக்காகவே ஓடிய வண்டியில் ஏறி அரை நாள் கடற்கரை சுற்றிப் பார்த்தது.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் மகளிர் குழுவின் வெள்ளிவிழாவுக்கு மலர் போடுகிறார்கள். ஊரில் பிறந்து சாதித்த பெண்களைப் பற்றி எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நான் செவந்தி பெயரைச் சொன்னேன். மலருக்குப் பொறுப்பான ஆத்மநாதன் சார் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செவந்தியா? அது வீட்டு வேலைக்குப் போன புள்ளதானேம்மா. மொதலாளி டூர் போனா கூடவே இதுவும் போயிருக்கும். அதையெல்லாம் சாதனைன்னு போட முடியுமா?"

"கூடப் போகல சார். தனியாப் போனா."

"சரி, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பாப்போம்."

ஒரு பக்கத்தில் இது அடங்காது. செவந்தியிடம் போனில் மூன்று தடவை கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டேன். அவள் வேலை செய்யும் வீட்டு ப்ரியங்காவிடமும் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்தேன். இதில் வரும் மணியெல்லாம் அந்தத் தீவின் மணி. நம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். செவந்தி ஒன்றாம் வகுப்பு வாசலைக்கூட மிதிக்கவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம் தம்பி பிறந்தான். ஆத்தா களையெடுக்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் மூன்றாவது போய்க்கொண்டிருந்ததால் என்னை நிறுத்தவில்லை. ஐந்து வயதில் அவளுக்குக் கொடுத்த வேலை பார்த்துக்கொள்வது. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் வேறு வேலை கொடுக்கவே இல்லை.

திருமயம் பக்கத்தில் முத்தாள் ஆச்சி வீட்டில் 2014 முதல் அவள் சமையல். பெரிய வீடு. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். லீவுக்கு எல்லோரும் வந்தால் வேன் பிடித்து எங்காவது போவார்கள். கட்டுச்சோறு கட்ட, பரிமாற செவந்தியும் போவாள். சித்தன்னவாசலுக்கு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் பாறைக்குக் கீழே பைகளோடு உட்கார்ந்திருந்தாள். மேலே குகையில் இருக்கும் ஓவியத்தை இன்று வரை பார்த்ததில்லை. 2018 மே மாதம் கட்டுமாவடிக்குக் கடல் பார்க்கப் போனார்கள். அவள் வாழ்க்கையில் கடல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் நான் கேட்டேன்.

"கடலு எப்புடிடி இருந்துச்சு?"

"செருப்பு நெறைய இருந்துச்சுக்கா."

எல்லோரும் செருப்பையும் போனையும் அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். எட்டு ஜோடி. காலை நனைக்க அவள் எழுந்து போகவில்லை. எழுந்தால் யார் பார்த்துக்கொள்வது?

டம்ளர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஆச்சி வீட்டில் கரண்டி முதல் அண்டா வரை வீட்டு எழுத்து வெட்டியிருக்கும். வேலைக்காரர்கள் குடிக்கும் டம்ளரில் மட்டும் ஒன்றும் இருக்காது. நசுங்கியது, ஓரம் பிளந்தது எல்லாம் அவர்களுக்கு. 2016 தீபாவளிக்கு முந்தின வாரம் செவந்தி என்னைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போனாள். கனமான டம்ளர் ஒன்று எடுத்தாள். பெயர் வெட்டுகிறவர் கேட்டார்.

"என்ன பேரும்மா?"

"செவந்தி."

"வீட்டுக்காரர் பேரு? முன்னாடி எழுத்துப் போடணும்ல."

"அவரு போயி நாலு வருசம் ஆச்சு. அவரு வந்தா இதுல குடிக்கப்போறாரு? எம் பேர மட்டும் வெட்டுங்க."

அவர் சின்ன உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டினார். நான்கு எழுத்து. செவந்தி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரை தடவிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த டம்ளர் அவள் பையில் இருக்கும். பின்னால் வேலைக்குப் போன துபாயில் சப்பாத்தி மாவு தேய்த்த பிறகு, பலகையில் மிச்சம் இருக்கும் மாவில் அந்த நான்கு எழுத்தையும் புள்ளி குத்திப் பார்ப்பாளாம். துடைத்துவிடுவாளாம்.

அவள் கையெழுத்துப் போட்டுப் பார்த்ததில்லையா என்று கேட்கலாம். பேங்கில், ரேஷன் கடையில், பாஸ்போர்ட் எடுத்த இடத்தில், எல்லா இடத்திலும் அவள் முகத்தைப் பார்த்ததும் மை டப்பாவைத்தான் நீட்டினார்கள். பேனாவை ஒருவரும் நீட்டியதில்லை. நானும்தான். ரேஷன் கார்டு மாற்றும்போது அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தியவள் நான்.

2021இல் ஆச்சியின் மகன் ராம், அவள் கைப்பக்குவம் வேண்டும் என்று துபாய்க்கு அழைத்துக்கொண்டார். ராம், மனைவி ப்ரியங்கா, இரண்டு பிள்ளைகள். 2024 ஜூலையில் எல்லோரும் கிரேக்க நாட்டுக்குக் கிளம்பினார்கள். ஊரிலிருந்து ஆச்சியும் போனார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள செவந்தி. தீவின் பெயர் நாக்சோஸ்.

அங்கே ப்ரியங்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வீட்டு வாசலுக்கே வேன் வரும். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மூன்று கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். வேறு ஆட்களைச் சேர்க்க மாட்டார்கள். மூன்றாவது இடத்தில் படகில் ஏற்றி, நடந்து போக முடியாத ஒரு சின்ன மணல் திட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் கடையில் எல்லோரும் சிப்பி சாப்பிட்டார்கள். மறுநாள் வியாழக்கிழமை விரதம் என்பதால் ஆச்சி மட்டும் வேண்டாம் என்று ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார். செவந்தி தான் கொண்டுபோன நார்த்தங்காயோடு தயிர்சாதம் சாப்பிட்டாள். விடிவதற்குள் ராமும் ப்ரியங்காவும் பிள்ளைகளும் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள். எட்டே முக்கால் மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றபோது அந்த நாலு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. செவந்தி தலை வாரி, புளியோதரை கட்டிய தூக்கோடு கதவுப்பக்கம் வந்தாள்.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் ஆச்சி.

"வண்டி வந்துருச்சு ஆச்சி. கடலப் பாத்துட்டு வாரேன்."

"வீட்டுல அத்தனை பேரும் சுருண்டு கெடக்காக. நீ கடல் பாக்கப் போறியா?"

"கஞ்சி வச்சு பிளாஸ்க்ல ஊத்திட்டேன். சீரகத் தண்ணி அடுப்பு மேல இருக்கு. மாத்திரை குடுத்தாச்சு, பிள்ளைக தூங்குது. ஒரு மணிக்கு வந்துருவேன். ஆறு வாரமா எனக்கு லீவே இல்ல ஆச்சி. இன்னைக்கு எடுத்துக்கிறேன்."

உள்ளே இருந்து ப்ரியங்கா குரல் கொடுத்தார். "செவந்திக்கா, வேணாங்க்கா. பாஷை தெரியாம எங்கிட்டுப் போவீங்க?"

"துபாய்க்கு மட்டும் பாஷை தெரிஞ்சா வந்தேன்? கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரப்போகுது, வண்டி ஓட்டி வந்த அந்தம்மா. கடலு கூடப் பேச என்ன பாஷை வேணும்?"

ராம் படுத்தபடியே சொன்னார். "போயிட்டு வரட்டும் ப்ரியா. வந்த வண்டி சும்மா திரும்பணுமா?"

ஆச்சி அவள் பையைப் பார்த்தார். பிறகு, "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். செவந்தி பையைத் திறந்து டம்ளரையும் பாட்டிலையும் காட்டினாள்.

வேன் ஓட்டி வந்தவர் எலேனி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குட்டை முடி. ஆறு பேரை எதிர்பார்த்து வந்தவர், சேலை கட்டிய ஒருத்தி மட்டும் வருவதைப் பார்த்தார். செவந்தி வழக்கம்போலக் கடைசி சீட்டுக்குப் போனாள், பை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில். எலேனி தலையாட்டிவிட்டு முன் கதவைத் திறந்து பிடித்தார். முன் சீட்டில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை என்றாள்.

முதல் கடற்கரையில் நடந்ததை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலேனி குடையை நட்டு, இரண்டு நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காபி வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் செவந்தி நாற்காலியில் இல்லை. மணலில் உட்கார்ந்து, எலேனியின் செருப்பையும் தன் செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு காவல் இருந்திருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆள் கிடையாது. கால் மணி நேரம் போன பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

"கிரேக்க நாட்டுக்குப் போயும் செருப்புப் பாத்தேன்க்கா" என்றாள்.

இரண்டாவது கடற்கரையில் கணுக்கால் வரை இறங்கினாள். தண்ணீர் ஜில்லென்று இருந்ததாம், கீழே கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்ததாம். காற்று சேலையைப் பிய்த்தது. அங்கேதான் புளியோதரையைப் பிரித்தாள். எலேனி ஒரு வாய் சாப்பிட்டு, காரத்தில் கண் கலங்கி, டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி தட்டை நீட்டினார்.

மூன்றாவது இடத்துக்குப் போகும்போது பதினொன்றே கால். படகுக்காரர் வயதானவர். அட்டையில் செருகிய ஒரு தாளை நீட்டினார். படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அது அவர்கள் சட்டம். செவந்தி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாள் என நினைத்து, தாங்களும் கட்டை விரலைக் காட்டினார்கள். மை டப்பா என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. எலேனி ப்ரியங்காவுக்குப் போன் போட்டு, பேசிவிட்டு, செவந்தியிடம் கொடுத்தார்.

"செவந்திக்கா, அவங்க கையெழுத்துக் கேக்குறாங்க. ஒங்களுக்கு வராதுல்ல. கையெழுத்து இல்லாம ஏத்த மாட்டாங்க. பரவால்ல, நீங்க கரையில ஒக்காந்து பாத்துட்டு வந்துருங்க."

"கரையில ஒக்காந்து பாக்குறதுக்கு நான் கட்டுமாவடியிலயே இருந்திருப்பேனேம்மா."

"கோவப்படாதீங்க. ரூல்ஸ் அப்படி."

"கோவமில்ல. எனக்கு வராதுன்னு யாரு சொன்னா? யாராச்சும் கேட்டீங்களா? வச்சுறவாம்மா, இங்க காத்து அடிக்குது."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பையிலிருந்து டம்ளரை எடுத்து, மிச்சத் தண்ணீரைக் குடித்து, முந்தானையால் துடைத்தாள். தாள் பறக்காமல் இருக்க டம்ளரை அதன் மேல் படுக்க வைத்தாள், வெட்டிய எழுத்து தன்னைப் பார்க்கும்படி. பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள். படகுக்காரர் கொடுத்தார்.

அவளுக்குத் தெரிந்த எழுத்து உளி வெட்டிய எழுத்து. கோடு இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டம்ளரில் இருந்தபடியே ஒவ்வொரு புள்ளியாகக் குத்தினாள். எலேனி பிறகு அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி நான் எண்ணினேன். எழுபத்தொன்பது புள்ளி. டம்ளரிலும் எழுபத்தொன்பது. ஒன்றுகூட விடவில்லை. அதற்கு ஏழு நிமிஷம் ஆனது. படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். முடிந்ததும் டம்ளரை வாங்கித் தாளோடு வைத்து ஒத்துப் பார்த்தார். தலையசைத்தார். ஏறு என்று கையைக் கொடுத்தார்.

பையையும் செருப்பையும் அவள் கரையிலேயே விட்டுப் போனாள். எலேனியும் படகில் ஏறிவிட்டதால் அதை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. திட்டில் இறங்கி, மிதவைச் சட்டை மாட்டி, கழுத்து வரை கடலுக்குள் நின்றாள். நாற்பது நிமிஷம். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனதாம், துப்பவில்லையாம். திரும்பி வந்தபோது செருப்பும் பையும் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வீட்டுக்குள் நுழைந்தாள். ஈரச் சேலையோடு மதியத்துக்கு மிளகு ரசம் வைத்தாள். ஆச்சி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்டார். கேட்டது ஆச்சி ஒருவர்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆத்மநாதன் சார், நீங்கள் அவள் படம் வேண்டும் என்றால் அந்தத் தாளின் போட்டோவைப் போடுங்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளால் ஆன நான்கு எழுத்து இருக்கும். பக்கத்தில் இருக்கும் கட்டத்தை எலேனி நிரப்பியிருக்கிறார்: 18. 7. 2024.