பின்கதவு வழியே வரும் தூசி

என்னைப் போல ஒரு மடையன் அந்தக் காலத்தில் பேராக் மாநிலத்தில் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். எழுபதுகளின் கடைசி. ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டங்களில் விற்று வந்தேன். பின்தட்டின் மேல் இரும்புக் கூண்டு, அதன் மேல் கன்வாஸ். தோட்டத்துச் சடக்கெல்லாம் செம்மண் ரோடு. தூசி முன்னாலிருந்துதான் வருகிறது என்று நானாக ஒரு கண்டுபிடிப்புச் செய்து, கூண்டின் முன்பக்கம் டிரைவர் தலைக்கு மேலே இருந்த சின்னக் கன்வாஸ் ஜன்னலைச் சாக்கு ஊசியால் இறுக்கித் தைத்துவிட்டேன். பின்கதவு இடுக்குகளில் சைக்கிள் டியூப், மனைவியின் கிழிந்த சேலை, ஒருமுறை என் பனியன்கூட அடைப்பாகப் போனது. அப்படியும் தூசி வந்தது. தூசியை முந்திவிடலாமென்று வேகமாக ஓட்டினேன். இன்னும் அதிகமாக வந்தது. பின்னால் கிளம்பும் தூசியை நான் ஏற்கெனவே முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது மண்டையில் ஏறவில்லை.

ஜெலாப்பாங் தாண்டி உள்ளே போகும் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். சம்பள நாளில் நான் தொழிலாளர் லயத்து முன்னால் கன்வாஸைத் தூக்கியதும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"அண்ணே, வெள்ளை வேட்டி கேட்டா காவி வேட்டி தர்றீங்க. எங்க எல்லாரையும் சாமியாராக்கிட்டா, பால்மரம் யாரு வெட்டுறது?"

"தொவைச்சா வெளுத்திரும்லா."

"அப்ப சோப்பும் சேத்துக் குடுங்க."

அவர் மனைவி பின்னால் நின்று, சிரிக்காமல், ஒவ்வொரு சேலையையும் என் முகத்துக்கு நேராக உதறிவிட்டுத்தான் பிரித்துப் பார்ப்பாள்.

அவர் வயிற்று நோயோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. ஒரு காலையில், ஈப்போவில் நான் வழக்கமாகத் தே குடிக்கும் முஸ்லிம் மாமாக் கடைக்கு அவர் மனைவி தேடி வந்தாள். வாசலில் என் வண்டி நின்றது.

"தோட்டத்து லோரி ரிப்பேராக் கெடக்கு. வேன்காரன் அந்தச் சடக்குல வர மாட்டேங்கிறான். நீங்க அவர ஏத்திக்கிட்டுப் போவீங்களாண்ணே?"

"போலாம்மா" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மூட்டைகளின் ஞாபகம் வந்தது. உள்ளே கல்யாணச் சேலைகள். பிணம் ஏற்றிய வண்டியில் கூரைச்சேலை வைத்தால் எவள் தொடுவாள்? என் முகத்தைப் பார்த்தே கடைக்காரர் கண்டுகொண்டார்.

"துணிய இங்க எறக்கி வையிங்க, நான் பாத்துக்குறேன். வண்டியக் கழுவிக்கலாம்லா. மொதல்ல போங்க."

ஆஸ்பத்திரியில் அவள் அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, தலை வாரி, திருநீறு பூசியிருந்தாள். வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. பின்தட்டில் பலகை போட்டுக் கிடத்தினோம். அவளும் கூண்டுக்குள் ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்க இத்தனை நாளா அப்பாவப் பாக்கல. மொகம் இப்படியே போயிச் சேரணும்ணே. தூசி படக் கூடாது."

"அத நான் பாத்துக்குறேன்மா" என்றேன். என் வண்டியில் இத்தனை நாள் துணியில் படிந்த தூசியை அந்த நிமிடம் வசதியாக மறந்திருந்தேன்.

தார்ச் சாலை முடிந்து செம்மண் தொடங்கியது. மெதுவாகத்தான் ஓட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே பின்னாலிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். அவள் முந்தானையை இரு கையாலும் விரித்து, அவர் முகத்துக்கு மேல் பந்தல்போல் பிடித்துக் குனிந்திருந்தாள். அவள் தலைமயிர், புருவம் எல்லாம் சிவப்பு. வேட்டி மேல் ஒரு படலம்.

"இன்னும் கொஞ்சம் அடைச்சாப் போதும்மா" என்று என் சட்டையைக் கழற்றி இடுக்கில் திணிக்க ஆரம்பித்தேன். கையில் வேறு எதுவும் இல்லை, மூளையிலும் இல்லை.

"மூச்சு முட்டுதுண்ணே. அந்த முன்பக்கத்தப் பிரிச்சு விடுங்க."

"அதப் பிரிச்சா சடக்குல உள்ள தூசி மொத்தமும் உள்ளாற வந்திரும்மா!"

"இப்ப மட்டும் என்னா வருது, சந்தனமா?"

துணி வெட்டும் கத்தரியை எடுத்து முன்ஜன்னலின் தையலை அறுத்தேன். அவள் போத்தல் தண்ணீரில் சேலை நுனியை நனைத்து அவர் முகத்தை மறுபடி துடைத்தாள். திருநீறு பூசினாள். வேட்டியை உதறிப் போர்த்தினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

அடுத்த தட்டலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். வரவில்லை. ஒரு மேட்டில் கியர் மாற்ற வேகம் குறைந்தபோது அவள் குரல் கேட்டது. அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்க நான் முயலவில்லை, எஞ்சினை உறுமவிட்டேன்.

லயத்து முன்னால் எல்லோரும் நின்றார்கள். பின்கதவை மெல்லத் திறந்தேன். வேட்டி வெள்ளையாக இருந்தது. நெற்றியில் திருநீறு பூசியபடியே இருந்தது. சின்னப் பையன் பின்தட்டில் தொற்றி எட்டிப் பார்த்து, யாரும் சொல்லாமலே "அப்பா" என்றான். அதன் பிறகுதான் லயத்தில் அழுகை எழுந்தது.

நானும் அழுதேன். ஆனால் என் வாய் இருக்கிறதே, அது அழும்போதும் சும்மா இருக்காது. பக்கத்தில் நின்ற, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரைப் பிடித்துக்கொண்டேன்.

"விஷயம் என்னான்னாண்ணே, முன்னாடி தொறந்து விட்டா காத்து உள்ளாற பூந்து பின்கதவு வழியா வெளிய தள்ளுது. முன்னாடி அடைச்சா, பின்னால கெளம்புற தூசிய வண்டியே உறிஞ்சுது. இத்தனை வருசமா நான்தான் தப்பா…"

பின்தட்டிலிருந்து இறங்கிய அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கால்மாட்டுப் பக்கம் வந்து தூக்குங்க."